என் வீட்டுக்காரர் என்னிடம் பெண் கேட்டு வந்த வாரம்

கல்யாணமாகித் தலை நரைத்த பிறகு, என் வீட்டுக்காரர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் வெற்றிலைத் தட்டோடு, எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்று என்னிடம் பெண் கேட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். இது நடந்தது சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில், டிராம் வண்டி புதிதாக ஓட ஆரம்பித்திருந்த காலத்தில். சிரிக்காமல் இதை நான் யாரிடமும் சொல்லி முடித்ததில்லை. எழுதியாவது முடிக்கிறேனா பார்க்கலாம்.

நாங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் திருநெல்வேலிப் பக்கம் பனங்காட்டு ஊர்களில் கிறிஸ்தவச் சபையின் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்றவர்களை எங்கள் சபையார் ஓய்வாக விடுவதில்லை. சிங்கப்பூரில் தமிழ்ச் சனங்கள் பெருகிவிட்டார்கள், அவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வயதும் பொறுமையும் உள்ள தம்பதி வேண்டும் என்றார்கள். வயது இருந்தது. பொறுமைக்கு அவர் இருக்கிறாரே என்று நானும் கப்பலேறிவிட்டேன்.

எங்கள் ஊழியத்துக்கு ஒரு விதி உண்டு. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது என்பது எல்லா ஊழியக்காரருக்கும் உள்ளதுதான். நாங்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், கேட்டதை எங்களுக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் அவர்தான். ஊரில் ஒரு தடவை, ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றி என்னிடம் அழுததை இவரிடம் சொல்லித் தொலைத்தேன். இவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு, மருமகளுக்குச் சோறு போடாமல் பானையை ஒளித்து வைக்கிற மாமியார்களுக்காக உருகி உருகி ஜெபம் பண்ணிவிட்டார். ஆண்டவருக்கு எட்டியதோ என்னவோ, அந்த மாமியாருக்கு எட்டிவிட்டது. அன்றோடு இருவரும் வாயைத் தைத்துக்கொண்டோம். சாயங்காலம் வீடு திரும்பினால், இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்பார். ஆமாம் என்பேன். சாப்பிடுவோம்.

திங்கட்கிழமைகளில் அவருக்குத் துறைமுகம், எனக்குப் பங்களாக்கள். தஞ்சோங் பகாரில் மத்தியானச் சங்கு ஊதியதும் வேலையாட்கள் சரக்குக் கிட்டங்கி நிழலில் உட்கார்ந்து சோற்றைப் பிரிப்பார்கள். அவர் நடுவே நின்று ஒரு கீர்த்தனையை எடுத்து விடுவார். வாய் நிறையச் சோறு இருக்கும்போது யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடித்த தந்திரம். நான் டாங்ளின் மேட்டுப் பங்களாக்களின் கொல்லைப்புறமாகப் போவேன். அங்கே சமையற்கட்டுகளிலும் ஆயாக்களின் அறைகளிலும் தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மேடு வந்ததும் ரிக்‌ஷாக்காரச் சீனருக்கு மூச்சு வாங்கும். நான் இரக்கப்பட்டு இறங்கி நடப்பேன். தன் கௌரவம் போயிற்று என்று அவருக்குக் கோபம் வரும். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே உச்சிக்குப் போய்ச் சேருவோம்.

அந்தத் திங்கட்கிழமை நான் பார்க்கப் போனது எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு ஆயாவை. துரைசாணியின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அது தோட்டைப் பிடித்து இழுப்பதைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிற பெண். துறைமுகத்தில் நீராவிக் கிரேன் ஓட்டுகிற ஒருவனை ஆலயத்தில் பார்த்து, இருவருக்கும் பிடித்துப்போய், அவர்களே பாதிரியாரிடம் பெயர் கொடுத்துவிட்டார்கள். கல்யாண அறிவிப்பை நாங்கள் ஓலை என்போம். அதையும் ஆலயத்தில் முறைப்படி மூன்று ஞாயிறு வாசித்தாயிற்று. வருகிற சனிக்கிழமை மத்தியானம் கல்யாணம்.

அதற்கடுத்த திங்கட்கிழமை துரையும் துரைசாணியும் சீமைக்குக் கப்பலேறுகிறார்கள். துரைசாணி நியாயம் தெரிந்தவள். சனிக்கிழமைக்குள் கல்யாணம் ஆனால் நீ உன் புருஷனோடு இருந்துகொள், ஆகாவிட்டால் எங்களோடு வந்து லண்டன் வரைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தாள். அப்படிப் போன ஆயாக்களைப் பற்றி எனக்குத் தெரியும். அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டதும் அவர்கள் வேலை முடிந்துவிடும். இந்தப் பக்கம் வருகிற வேறொரு குடும்பம் கூப்பிடுகிற வரை குளிரில் காத்துக் கிடக்க வேண்டும். சிலர் திரும்பி வந்ததே இல்லை.

எல்லாம் கூடி வந்திருக்கிறதே, பெண் பூரித்துப் போயிருப்பாள் என்று போனேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னடி குறை என்றேன்.

"என்னை யாரும் வந்து கேக்கலையேம்மா," என்றாள்.

பிறகு மளமளவென்று கொட்டினாள். கைக்குழந்தையாக மெட்ராஸில் ஒரு மிஷன் விடுதியில் விடப்பட்டவள். அங்கிருந்து ஒரு பாதிரியார் மனைவி சமையலுக்கு ஒத்தாசையாகக் கூட்டிப் போனாள். அவளிடமிருந்து கொழும்புக்காரி ஒருத்தி. அவளிடமிருந்து இந்தத் துரைசாணி. இப்போது கல்யாணமும் அப்படித்தான், அவர்களாகப் பேசி அவர்களாகவே முடித்துக்கொண்டது. பெரியவர்கள் யாரும் தட்டு எடுத்து வரவில்லை. இவளுக்காக யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை.

"கேட்டு வராம நான் போகமாட்டேன். சனிக்கிழமையானாலும் சரி, கப்பலே வந்தாலும் சரி. நான் ஒண்ணும் மூட்டை இல்லம்மா."

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பேச்சென்றால் இதல்லவா பேச்சு. "என் வீட்டுக்கு வந்து கேக்கச் சொல்லு. நான்தான் உன் அம்மா," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் குழந்தையோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். மேட்டிலிருந்து இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. பெண் கேட்டு வருவதை எத்தனையோ வீடுகளில் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். நடுவில் உட்கார எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

அதே மத்தியானம் துறைமுகத்தில், சோறு தின்றுகொண்டிருந்த மாப்பிள்ளை எழுந்து என் வீட்டுக்காரரை ஓரமாகக் கூட்டிப் போனானாம். பெண் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிப்பது அவனுக்குத் தெரியும். அவனுக்கும் இந்த ஊரில் நாதி இல்லை. நீங்கள் என் அப்பா ஸ்தானத்தில் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவர் அங்கேயே பூரித்துப் போய்ச் சரி என்றுவிட்டார். பெண் யார் என்று இவருக்குத் தெரியும். எந்த வீட்டில் போய்க் கேட்பது என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. மாப்பிள்ளை கூட்டிப்போவான் என்று விட்டுவிட்டார். புதன்கிழமை எந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று பிறகு பெண் சொல்லியனுப்பித் தெரிந்துகொண்ட மாப்பிள்ளையோ, உபதேசியாருக்குத் தன் வீட்டு விஷயம் தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் இவர் வெயில் ஜாஸ்தி என்றார். நான் ஆமாம் என்றேன்.

மறுநாள் எங்களுக்கு ஆஸ்பத்திரி நாள். அவர் ஆண்கள் வார்டு, நான் பெண்கள் வார்டு. படுத்திருப்பவர்களுக்கு ஆறுதலாக மெல்லிய குரலில் பாடுவது வழக்கம். அன்று எனக்கு மெல்லிய குரலே வரவில்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு பெண் எழுந்து உட்கார்ந்து தாளம் போட ஆரம்பித்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே சிரிப்புச் சத்தம். டிராமில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று நினைத்தேனே தவிர, கேட்கவில்லை. விதி விதிதான்.

எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். அவர் அப்பா காலத்திலிருந்தே சிங்கப்பூரில் வியாபாரம். அன்று நான் போய் நல்ல சீனியும் கோப்பித் தூளும் வாங்கி, நாளைக்கு வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், ஐயாவிடம் சொல்லாதீர்கள் என்றேன். சற்று நேரத்தில் இவர் போய் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றிருக்கிறார். அந்த மனிதர் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டியிருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் கடையைப் பாதி சாத்திவிட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நாடகம் பார்க்க முன்வரிசையில் இடம் பிடிக்கிற மாதிரி.

அன்று விளக்கு வைக்கிற வரைக்கும் வெளியே இருங்கள், எனக்குச் சிலர் வருகிறார்கள் என்று இவரிடம் சொல்லியிருந்தேன். தனக்கும் வெளியே ஒரு காரியம் இருக்கிறது என்று சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். பெண் துரைசாணியிடம் கொஞ்ச நேரம் உத்தரவு வாங்கிக்கொண்டு பின்சந்து வழியாக வந்தாள். தலையில் மல்லிகை வைத்து, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி, இருமக்கூடக் கூடாது என்று சொல்லிவைத்தேன். பெண் வீட்டு லட்சணம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ரிக்‌ஷாக்கள் வந்து நின்ற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். தட்டும் கையுமாக இவர் நிற்கிறார். பின்னால் எண்ணெய் வழிய வாரிய தலையோடு மாப்பிள்ளையும் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரும். மனுஷன் நேரம் தெரியாமல் திரும்பி வந்து காரியத்தைக் கெடுக்கிறாரே என்று, இப்போது வராதீர்கள், போங்கள் என்று காதோரம் சீறினேன். அவரோ, தன் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் தான் எதையாவது மறந்திருந்தால் எடுத்துக்கொள்ளத்தான் மாப்பிள்ளை நிறுத்தினான் என்று நினைத்திருக்கிறார். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு உடனே போய்விடுகிறேன், பெண் கேட்கப் போகிறோம் என்று திருப்பி என் காதில் சொன்னார். பிறகு நான் தட்டைப் பார்த்தேன். அவர் உள்ளே விரித்திருந்த பாயைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வேறு எந்தப் புருஷன் பெண்சாதியாக இருந்தாலும் அந்த இடத்திலேயே சிரித்து, வெற்றிலையை மாற்றிக்கொண்டு, கோப்பி குடித்துவிட்டு எழுந்திருப்பார்கள். எங்களுக்கு அந்தப் புத்தி வரவில்லை. ஒரு வேலையை ஏற்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டோம். அவர் படியிலிருந்து ஒரு எட்டுப் பின்னால் போய், கோட்டை இழுத்துவிட்டு, அந்நியர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நாங்க பெண் கேட்டு வந்திருக்கோம்," என்றார்.

"வாங்க. உள்ள வந்து உட்காருங்க," என்றேன் நான்.

தன் சாய்வு நாற்காலியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்து, வீடு காற்றோட்டமாகத்தான் இருக்கிறது என்று சிநேகிதர்களிடம் சொன்னார். இங்கே தண்ணீர் வசதி எப்படி என்று விசாரித்தார். தினமும் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வருகிறவரே அவர்தான். எங்கள் வீட்டு ஐயா கொஞ்சம் சோம்பேறி, இருந்தாலும் பிடித்துப் போடுவார் என்றேன். மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

கோப்பி கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். தங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் இனிப்பாகக் குடிப்பது வழக்கம் என்றார். இத்தனை வருஷமும் என் கையால் குடித்த கோப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவரில்லை. எனக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்காமல், எங்கள் பெண் சமைத்தால் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது என்றேன். பையன் குடிக்க மாட்டான், கிரேனில் அவன் தூக்கும் பெட்டியில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை என்றார் அவர். பெண்ணைப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறேன் என்றேன் நான். வளர்த்தது திங்கட்கிழமையிலிருந்துதான். ஆனால் சொல்லும்போது எனக்கே அது முழு உண்மையாக இருந்தது.

கடைசியில் அவர் முறைப்படி பெண்ணைத் தரச் சொல்லிக் கேட்டார். எங்கள் பக்கம் முதல் தடவை கேட்டதும் தலையாட்டக் கூடாது. உடனே சரி என்றால், பெண் வீட்டுக்குப் பாரம், எப்போது தொலையும் என்று காத்திருந்தார்கள் என்று அர்த்தம். என் அம்மா அப்படித்தான் செய்தாள், சித்திகள் அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள். அதனால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக, "யோசிச்சுச் சொல்றோம்," என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். அவர்கள் பக்கத்து வழக்கம் வேறு. யோசிக்கிறோம் என்று ஒரு வீடு சொல்லிவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் படியை மறுபடி மிதிக்க மாட்டார்கள். யோசிக்கிற இடத்தில் எங்களுக்கு என்ன வேலை என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், அப்பா ஸ்தானத்தில் வந்தவரை மீற முடியாமல் கன்றுக்குட்டி மாதிரிப் பின்னாலேயே போனான். நான் அடுக்களைக்கு ஓடினேன். பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. என்னடி என்று கேட்பதற்குள், நேரமாகிவிட்டது என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பின்சந்தில் ஓடிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் தெருவுக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பின்கட்டு வழியாக வந்து, சோறு ஆயிற்றா என்றார்.

தட்டு கூடத்து மேஜையில் உட்கார்ந்தது. அது அவர்கள் வீட்டுத் தட்டு, நான் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் இருப்பது, அவரும் எடுக்கக்கூடாது. புருஷன் பெண்சாதியாக நாங்கள் ரசத்துக்குப் புளி போதுமா என்று பேசிக்கொண்டோம். சம்பந்திகளாக ஒரு வார்த்தை இல்லை. இறங்கி வர வேண்டியது அவர்தான் என்று நான். சொல்லி அனுப்ப வேண்டியது பெண் வீடுதான் என்று அவர். வாழைப்பழம் வியாழக்கிழமை காலையிலேயே வீடெல்லாம் மணக்க ஆரம்பித்துவிட்டது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜெபக்கூட்டம். பால்காரர்கள், வண்ணார் வீட்டுப் பெண்கள், செங்கற்சூளை ஆட்கள் என்று கூடம் நிறைந்துவிடும். இவர் எழுந்து, வேதத்தில் எஜமானின் மகனுக்காக ஒட்டகங்களோடு பெண் கேட்கப் போன ஊழியக்காரனின் கதையை எடுத்தார். கேட்ட அன்றைக்கே, அந்த வீட்டார் ஒரு பேச்சு மறு பேச்சு இல்லாமல் சம்மதித்தார்கள் என்பதை அடுக்களைப் பக்கம் பார்த்து மூன்று விதமாக விளக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. என் முறை இல்லாவிட்டாலும் எழுந்து, மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் அம்மாவும் அண்ணனும் இன்னும் கொஞ்ச நாள் இவள் எங்களோடு இருக்கட்டும் என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். அது சம்மதித்த பிறகு சொன்னது என்றார். சம்மதித்தாலும் மனசு கேட்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம் என்றேன். கூட்டம் அன்றைக்குப் போல் என்றைக்கும் விழித்திருந்ததில்லை. ஒரு பால்காரர் மனைவி வெளியே ஓடிப் போய்த் தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைக்காரர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கதை என்றால் அவருக்கு உயிர். "உபதேசியாரே, அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் இழுத்துக்கிட்டே இருந்தா, கடைசியில யாருதான் முடிச்சு வச்சது?" என்று கேட்டார்.

இவர் வேதப் புத்தகத்தைப் புரட்டினார், நான் விளக்குத் திரியைத் தூண்டினேன். பதில் இருவருக்கும் தெரியும். அந்தப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்டார்கள். நாங்கள் மட்டும் தட்டைக் கேட்டோம், வழக்கத்தைக் கேட்டோம், ஒட்டகத்தைக்கூடக் கேட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் டாங்ளினுக்குக் கிளம்பினேன். மேடு வந்தும் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கவில்லை, சண்டையும் போடவில்லை. ரிக்‌ஷாக்காரர் இரண்டு மூன்று தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தார், எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார். பங்களா வராந்தாவில் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாய்ச்சொல்லால் இந்தப் பெண்ணைப் பிடித்துக் கப்பலில் தள்ளிவிட்டேனே என்று இருந்தது.

அவள் குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ரொம்ப அழுதாயா என்று கேட்டேன்.

"அழுதேனா? வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேம்மா," என்றாள். சொல்லும்போதே மறுபடி சிரித்தாள். இவர் தண்ணீர் வசதி விசாரித்ததையும் கோப்பியைக் கீழே வைத்ததையும் அப்படியே நடித்துக் காட்டினாள். அப்புறம் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னைக் கேட்டவங்ககிட்ட எல்லாம் இதுவரைக்கும் உடனே கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொல்லியிருக்காங்க. விடுதியில சொன்னாங்க, கொழும்புல சொன்னாங்க. யோசிக்கணும்னு சொன்னது நீங்க ஒருத்தர்தாம்மா."

நான் வழக்கத்துக்காகச் சொன்னது அது. இவள் அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறாள். துரைசாணி நாளை மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள் என்றும், காலையிலேயே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்றும், அவர்கள் கட்டாயம் வருவார்கள் என்றும் அவளே எனக்குத் தைரியம் சொன்னாள். அவர்கள் யார் என்று எனக்கல்லவா தெரியும். பனங்காட்டுப் பிடிவாதத்தோடு குடித்தனம் செய்தவள் நான்.

பெண் வீட்டார் வலியப் போய்க் கூப்பிடுவது எங்கள் பக்கம் இல்லாத வழக்கம். ஆனால் கடைக்காரரிடம் பேசக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை. அடுக்களை ஜன்னலருகே நின்றுகொண்டு, யோசித்தாயிற்று, இனி யாராவது வந்து கேட்டால் நல்ல பதில் கிடைக்கும் என்று கூடம் வரைக்கும் கேட்கிற மாதிரி அவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போய் அதை இவரிடம் சொன்னார். திரும்பி வந்து, ஒரு தடவை இறங்கிய படியில் மறுபடி ஏறுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்கள் என்றார். அதற்குப் பிறகு நான் அப்பளம் பொரித்தேன், எல்லாம் கருகிவிட்டது.

சனிக்கிழமை விடிந்தபோது இவரைக் காணவில்லை. கறுத்துப் போன வாழைப்பழத்தையும் காணவில்லை, தட்டையும் காணவில்லை. பெண் சொன்னபடியே வெள்ளைச் சேலையில் வந்து கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைக்காரர் முக்காலியோடு வந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அந்த மனிதர் காரணமில்லாமல் கடையைச் சாத்துகிறவர் அல்ல.

வந்தார்கள். மாப்பிள்ளை கல்யாணக் கோட்டில், இவர் புதிய பழத் தட்டோடு. படியருகே வந்ததும் இவர் நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. இவர் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்க பக்கம் ரெண்டாந்தடவை படி ஏறுற வழக்கம் இல்ல. ஆனா நான் ஒரு தடவை ஏறியிருக்கேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டுல யோசிச்சுச் சொல்றோம்னாங்க. எங்க ஆளுங்க எல்லாரும் வண்டியைத் திருப்பிட்டாங்க. மறுநாள் நான் மட்டும் போய் நின்னேன்."

எனக்கு இது தெரியாது. அன்று நான் உள் அறையில் இருந்தேன். மறுபடி வந்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் சொன்னார்கள். பெரியவர்கள் எல்லாம் சேர்ந்துதான் வந்தார்கள் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாக வந்து நின்றிருக்கிறார். அந்த விதிக்கு அப்பால் இவர் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர் படியேறி வந்து, தட்டை நீட்டி, "பெண்ணைத் தாங்க சம்பந்தி," என்றார்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கையை நீட்டினேன். கதவுக்குப் பின்னால் அவள் நிற்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"தர எனக்கு மனசு இல்ல," என்றேன்.

அந்தத் தடவை வழக்கமும் இல்லை, லட்சணமும் இல்லை. உள்ளே இருந்தது அப்படியே வந்துவிட்டது. மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டான். வாசலில் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"மனசு இல்லாமத்தான் தர்றேன். கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

பெண் கூப்பிடுகிற வரைக்கும் வெளியே வரக்கூடாது. அவள் வந்துவிட்டாள். அத்தனை பேர் முன்னிலையிலும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. ரிக்‌ஷாக்கள் காத்திருக்கின்றன, பாதிரியார் ஆலயத்தில் நிற்பார் என்று என் சம்பந்தி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். அவள் என் கையை விடவில்லை, நானும் விடவில்லை. கல்யாணம் கொஞ்சம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது.